பாத்திரமும் பண்டமும்: கைத்தொலைபேசியிற் காணொளி

சமையலறைத் தட்டிலே வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் தகரப் பேணிகளுள் ஒன்றின்மேல் ‘சீனி’ என எழுதப்பட்டிருக்கலாம். திறந்து பார்த்தால் உள்ளே உப்பு இருத்தலுங்கூடும். பேணியின்மேல் உள்ள பெயரை மாத்திரம் நம்பி அதனைத் தேநீரில் இட்டவர் படும் பாடு சொல்லுந்தரமன்று. கைத்தொலைபேசியிற் காணொளி பார்க்க முயலும் இக்காலத்தவர் பலர் அடையும் இடர்ப்பாடும் ஏறக்குறைய இத்தகையதே. ஒருவரிடமிருந்து வந்த காணொளிக் கோப்பு மற்றொருவரின் கருவியில் இயங்க மறுக்கிறது. சிலவேளை படம் ஓடுகிறது, குரல் கேட்பதில்லை. சிலவேளை குரல் கேட்கிறது, திரை கருமையாகவே கிடக்கிறது. கோப்பின் பெயரைப் பார்த்தாலோ, நேற்று நன்றாக ஓடிய வேறொரு கோப்பின் பெயரைப் போலவே அதுவும் ‘எம்.பி.4’ என முடிகிறது. ஒரே பெயருடைய இரண்டனுள் ஒன்று இயங்குவதும் மற்றொன்று இயங்காமையும் ஏன்?

இதற்கு விடை காண்பதற்குக் காணொளிக் கோப்பு என்பது இரு வேறு பொருள்களின் சேர்க்கை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ஒன்று பாத்திரம், மற்றொன்று அதனுள் இடப்பட்ட பண்டம். படத்தையும் ஒலியையும் உபதலைப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, எந்தப் படத்தோடு எந்த ஒலி செல்லவேண்டும் என்ற ஒழுங்கையும் குறித்து வைப்பது பாத்திரத்தின் தொழில். படத்தையும் ஒலியையும் சுருக்கி எழுதும் முறை வேறு. அதனைக் குறிமுறை எனலாம். தொழில் துறையினர் ‘கொடெக்’ என்பர். கோப்பின் பெயரின் கடைசியில் உள்ள எழுத்துகள் பாத்திரத்தை மாத்திரமே சுட்டுகின்றன. உள்ளிருக்கும் பண்டம் எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை.

பாத்திரங்களுள்ளே பழகிப்போன சிலவற்றை இங்கே குறிப்பிடலாம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1992ஆம் ஆண்டு வெளியிட்டது ‘ஏ.வி.ஐ.’. அப்பிள் நிறுவனம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட குயிக்டைம் என்னும் அமைப்பை அடியொற்றிப் பின்னர் சர்வதேச நியமமாக அமைக்கப்பட்டது ‘எம்.பி.4’. அதன் நெருங்கிய உறவாகக் கைத்தொலைபேசிகளுக்கென்றே ஆக்கப்பட்டது ‘3ஜி.பி.’. 2002ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘எம்.கே.வி.’ என்பதன் முழுப்பெயர் மற்றொஸ்கா. ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ருஷ்யநாட்டு மரப்பாவையின் பெயரைத் தழுவி அதற்கு அப்பெயர் இடப்பட்டது. பல மொழி ஒலிகளையும் பல உபதலைப்புகளையும் ஒருங்கே தாங்க வல்லதாகையால் திரைப்படங்களைச் சேமிப்போர் அதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

இனிப் பண்டத்தின் பக்கம் வருவோர்க்கு எழும் முதற் கேள்வி, படத்தைச் சுருக்குவது எதற்காக என்பதே. கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் விடை தானே புலனாகும். இன்றைய கைத்தொலைபேசிகளிலே சாதாரணமாக எடுக்கப்படும் தெளிவான காணொளியின் ஒவ்வொரு படமும் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உடையது. அஃதாவது ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட் வேண்டும் எனக் கொண்டால் ஒரு படத்துக்கு 62 இலட்சம் பைட்டுக்கு மேல் தேவைப்படும். ஒரு செக்கனுக்கு 30 படங்கள் எனின், ஒரு நிமிடக் காணொளி 11 கிகாபைட்டை நிரப்பிவிடும். மூன்று மணிநேரத் திருமண வைபவத்தைச் சுருக்காமற் சேமிக்க ஏறக்குறைய 2,000 கிகாபைட் வேண்டும். சட்டைப்பையிலே கொண்டு திரியும் கருவிக்கு இஃது இயலாத காரியம்.

ஆகவே சுருக்கம் இன்றியமையாததாயிற்று. ஆனால் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? இங்கேதான் மனிதக் கண்ணின் இயல்பு கைகொடுக்கிறது. ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாக உணரும் கண், நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுணுக்கமாக உணர்வதில்லை. ஆதலால் ஒளியளவை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக வைத்தாலும் பார்ப்பவர் குறை காண்பதில்லை. இவ்வொரு முறையினாலேயே சுமையிற் பாதி குறைந்துவிடுகிறது.

அடுத்தது, ஒரு படத்துக்கும் அதனை அடுத்த படத்துக்கும் இடையிலுள்ள ஒற்றுமை. செய்தி வாசிப்பவர் ஒருவரைத் தொலைக்காட்சியிற் பார்ப்போர், அவருக்குப் பின்னாலுள்ள சுவரும் முன்னாலுள்ள மேசையும் அசையாமல் இருப்பதையும் அவருடைய உதடுகளும் கண்ணிமைகளுமே அசைவதையும் காண்பர். சுவரை ஒரு செக்கனுக்கு 30 தடவை வரைய வேண்டிய அவசியம் என்ன? ஒரு முழுப்படத்தை எழுதிவிட்டு, அதன்பின் மாறியவற்றை மாத்திரம் குறித்துக்கொண்டு போனால் போதுமானது. காற்றில் ஆடும் தென்னை மரங்களையும் கடலலையையும் எடுத்த காணொளி பெரிதாகவும், நாற்காலியில் அமர்ந்து பேசுபவரை எடுத்த காணொளி சிறிதாகவும் அமைவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது உபாயம் கணிதத்தினின்றும் பிறந்தது. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஒளியமைப்பையும் பரும் அலைகளும் நுண் அலைகளும் சேர்ந்த கூட்டாக எழுதி, கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுண் அலைகளைக் குறைத்துவிடுவது அம்முறை. இதற்கு அடிப்படையான கோசைன் உருமாற்றத்தைக் கண்டவர் பெங்களூரிலே 1940ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய நசீர் அகமது என்னும் பொறியியலறிஞர். 1972ஆம் ஆண்டு இதனை ஆராய்வதற்கு உதவிப்பணம் வேண்டி அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு அவர் விண்ணப்பித்தார், உதவி கிடைக்கவில்லை. எனினும் அவர் ஆய்வைக் கைவிட்டாரல்லர். ரி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் இருவரோடு சேர்ந்து 1974ஆம் ஆண்டு சனவரியிலே தம் முடிபை வெளியிட்டார். இன்று உலகெங்கும் கைத்தொலைபேசிகளில் எடுக்கப்படும் படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் அந்த உருமாற்றத்தையோ அதன் வழிவந்த முறைகளையோ கொண்டே சுருக்கப்படுகின்றன.

இம்மூன்று உபாயங்களும் எல்லாக் குறிமுறைகளுக்கும் பொதுவானவை எனலாம். அவற்றை எவ்வளவு நுட்பமாகக் கையாளுவது என்பதிலேதான் வேற்றுமை. 1988ஆம் ஆண்டு தொடங்கிய எம்பெக் என்னும் நிபுணர் குழு 1993ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் நியமம், இலங்கையிலும் இந்தியாவிலும் வீடுதோறும் பரவிய வீடியோ இறுவட்டுக்கு அடிப்படையாயிற்று. இரண்டாவது நியமம் டி.வி.டி.க்கும் எண்முறைத் தொலைக்காட்சிக்கும் வழிவகுத்தது. 2003ஆம் ஆண்டு வெளியான எச்.264 என்னும் குறிமுறை, முந்தியதற்கு வேண்டிய இடத்திற் பாதியளவிலே அதே தெளிவைத் தந்தது. 2013ஆம் ஆண்டின் எச்.265 அதனையும் ஏறக்குறையப் பாதியாக்கியது. இவற்றின் காப்புரிமைக் கட்டணங்களால் நேர்ந்த சிக்கலைத் தவிர்க்க விரும்பிய பெரு நிறுவனங்கள் பல 2015ஆம் ஆண்டு ஒன்றுகூடி, 2018ஆம் ஆண்டு ஏ.வி.1 என்னும் கட்டணமற்ற குறிமுறையை வெளியிட்டன.

புதிய குறிமுறை இடத்தைச் சேமிக்கிறது என்றால், எல்லாரும் அதனையே கைக்கொள்ளலாகாதோ எனக் கேட்கலாம். சுருக்கும் முறை நுட்பமாகுந்தோறும் அதனை விரித்துப் படமாக்கும் வேலையும் கடினமாகிறது. அந்த வேலையைச் செய்வதற்கெனக் கைத்தொலைபேசியின் சிப்பினுள்ளே தனிப் பகுதி ஒன்று உண்டு. அது தொழிற்சாலையில் எந்தக் குறிமுறைகளுக்காக அமைக்கப்பட்டதோ அவற்றை மாத்திரமே அறியும். பின்னர் பிறந்த குறிமுறையை அதற்குக் கற்பித்தல் இயலாது. அந்நிலையிற் கருவியின் பொது மூளையே அவ்வேலையைச் செய்ய நேரிடுகிறது. செய்யவும் கூடும். ஆனால் கருவி சூடேறும். மின்கலம் விரைவிலே வற்றும். படமும் விக்கி விக்கி ஓடும். பழைய கருவியாயின் ஓடவே மாட்டாது.

2017ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களிற் பதினோராவது இயக்க முறைமையைப் புகுத்தியபோது, புதிய கருவிகள் காணொளியை எச்.265 முறையிலேயே எடுக்கத் தொடங்கின. ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் வேண்டியிருந்த காணொளி 60 மெகாபைட்டில் அடங்கியது. எடுத்தவர் மகிழ்ந்தார், ஆனால் அதனைப் பழைய கருவியிற் பெற்றவர் இருண்ட திரையையே கண்டார். இதற்குப் பரிகாரம் எடுப்பவரின் கையிலேயே உள்ளது. ஐபோனின் அமைப்புகளிலே கமராவுக்குரிய பகுதியில், இடத்தைச் சேமிக்கும் முறை, பெரும்பாலான கருவிகளுக்குப் பொருந்தும் முறை என இரண்டு தெரிவுகள் உள. இரண்டாவதைத் தெரிந்தால் அதன்பின் எடுக்கப்படுபவை எச்.264 முறையில் அமையும். அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றிலும் இதனை ஒத்த தெரிவு உண்டு.

ஒரு காணொளி இயங்காதபோது செய்யத்தக்கவை மூன்று. அவற்றை எளியதிலிருந்து கடியதை நோக்கி ஒழுங்காகச் செய்தல் நன்று.

முதலாவது, வேறொரு இயக்கியைக் கொண்டு பார்த்தல். கருவியோடு வரும் இயக்கி சில குறிமுறைகளை மாத்திரமே அறிந்திருக்கும். பாரிஸ் மாநகரை அடுத்திருந்த ஒரு பொறியியற் கல்லூரியின் மாணவர்கள் 1996ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியின் பயனாய் உருவான வி.எல்.சி. என்னும் செயலி, பழையனவும் புதியனவுமாகிய மிகப் பல குறிமுறைகளைத் தன்னகத்தே கொண்டது. வீதித் திருத்தவேலை நடக்குமிடத்தில் வைக்கப்படும் செம்மஞ்சட் கூம்பு அதன் அடையாளம். அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டுக்கும் அது இலவசமாகக் கிடைக்கிறது. படம் ஓடியும் குரல் கேளாதிருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், திரையரங்க ஒலிக்கென ஆக்கப்பட்ட ஒலிக் குறிமுறையைக் கருவியின் சொந்த இயக்கி அறியாமையே. இத்தகைய குறைகளுட் பல, இயக்கியை மாற்றிய மாத்திரத்திலே நீங்கிவிடும். கோப்பிலே கைவைக்க வேண்டிய தேவையே எழாது.

இரண்டாவது, பண்டத்தைத் தொடாமற் பாத்திரத்தை மாத்திரம் மாற்றுதல். எம்.கே.வி. பாத்திரத்தினுள் எச்.264 படமும் கருவி அறிந்த ஒலியும் இருக்குமாயின், அவற்றை அப்படியே எடுத்து எம்.பி.4 பாத்திரத்தில் இட்டுவிடலாம். பேணியிலுள்ள சீனியைப் போத்தலில் இடுவது போன்றது இது. ஒரு மணியேனும் குறைவதில்லை. எப்.எப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இவ்வேலையைக் கணினியிற் சில செக்கன்களிற் செய்து முடிக்கும். ஆனால் கோப்பின் பெயரிலுள்ள கடைசி எழுத்துகளை மாத்திரம் அழித்து வேறு எழுத்துகளை இடுவது பாத்திரத்தை மாற்றுவதாகாது. அது பேணியின்மேல் ஒட்டிய தாளை மாற்றுவதேயாகும்.

மூன்றாவது, பண்டத்தையே மாற்றுதல். அஃதாவது ஒரு குறிமுறையில் உள்ள படத்தை விரித்து, மற்றொரு குறிமுறையில் மீண்டும் சுருக்குதல். ஹான்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன. எம்.பி.4 பாத்திரம், எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி என்னும் மூன்றும் சேர்ந்த சேர்க்கையே இன்று பெரும்பாலான கருவிகள் ஏற்றுக்கொள்வது. அச்சேர்க்கைக்கு மாற்றுவோர்க்குப் பெரும்பாலும் ஏமாற்றம் நேராது. ஆனால் இம்மூன்றாவது வழிக்கு ஒரு விலை உண்டு. அதனை அறியாமற் செய்வோர் பின்னர் வருந்த நேரிடும்.

தேங்காய்ப்பால் பிழியும் இல்லத்தரசியர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். முதற்பால் தடிப்பானது, இரண்டாம் பால் மெல்லியது, மூன்றாம் பால் நீரேயாகும். மூன்றாம் பாலிலிருந்து முதற்பாலை மீட்க வல்லவர் எவருமிலர். ஒலிநாடாக் காலத்தில் ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்குமாகப் பிரதி செய்த பாடல் இரைச்சலில் மூழ்கிப்போனதையும் வானொலி நேயர்கள் அறிவர். காணொளியைச் சுருக்கும்போது கைவிடப்பட்ட நுண்மைகள் மீண்டும் வருவதில்லை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் மேலும் சில கைவிடப்படும். சிறிய படத்தைப் பெரிய அளவுக்கு மாற்றினாலும் கோப்புப் பெரிதாகுமேயன்றித் தெளிவு பெருகாது.

இந்த இழப்பு, மாற்றுபவர் அறியாமலே நிகழ்வதும் உண்டு. வட்ஸ்அப் போன்ற செயலிகளின் வழியே சாதாரணமாக அனுப்பப்படும் காணொளி, செல்லும் வழியிலேயே மீண்டும் சுருக்கப்படுகிறது. அனுப்பியவரிடம் முதற்பால் இருக்க, பெற்றவருக்கு இரண்டாம் பாலே சேர்கிறது. மூலத்தை உள்ளபடி அனுப்ப விரும்புவோர், அதனைக் காணொளியாக இணைக்காமல் ஆவணமாக இணைத்து அனுப்புதல் வேண்டும்.

இந்நாட்டிலே இஃது ஏன் சிந்திக்கத்தக்கது எனின், உறவினர் பல நாடுகளிற் சிதறி வாழும் குடும்பங்கள் இங்கு மிகப் பல. ஐபோனும் அன்ட்ரொயிட்டும் பரவுவதற்கு முற்பட்ட சிறிய கைத்தொலைபேசிகளில் எடுக்கப்பட்ட 3ஜி.பி. கோப்புகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. அவற்றின் படம் பலவேளைகளில் அகலத்தில் 176, உயரத்தில் 144 புள்ளிகளே உடையது. இன்றைய தெளிவான படத்தின் எண்பதில் ஒரு பங்கு. ஒலியோ தொலைபேசி உரையாடலுக்கென ஆக்கப்பட்ட குறிமுறையில் அமைந்தது. எனினும், மறைந்துபோன பாட்டியார் ஒருவர் பேரனைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல் அந்தச் சிறிய கோப்பிலே மாத்திரம் எஞ்சியிருக்கலாம். புதிய கருவியில் அது ஓடவில்லை என்று கண்ட இளைஞர், அதனை ஏதோவொரு செயலியால் அவசரமாக மாற்றிவிட்டு, ஓடாத மூலத்தை எதற்காக வைத்திருப்பது என அழித்துவிடுவாராயின், அந்தக் குரலின் முதற்பாலை அவர் என்றென்றைக்குமாகக் கொட்டிவிட்டவராவார். நாளை அதனை மேலும் நன்றாக விரித்துத் தரும் மென்பொருள் வரக்கூடும். ஆனால் விரிப்பதற்கு மூலம் வேண்டுமன்றோ?

ஆகையால் மாற்றுவோர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி, மாற்றிய பிரதி எவ்வளவு நன்றாக ஓடினும் மூலத்தை அழிக்கலாகாது என்பதாகும். மூலம் பெட்டகத்துக்கு, பிரதி பார்ப்பதற்கு. இரண்டாம் விதி, பிரதியிலிருந்து மீண்டும் பிரதி எடுக்காமல், ஒவ்வொரு தடவையும் மூலத்திலிருந்தே எடுத்தல். மூன்றாம் விதி, குடும்பக் காணொளிகளை இனந்தெரியாத இணையத்தளங்களில் ஏற்றி மாற்றுவதைத் தவிர்த்தல். இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் தளத்துக்குக் குழந்தைகளின் முகங்களையும் வீட்டின் உட்புறத்தையும் அனுப்பியபின், அவை எங்கே தங்குகின்றன என்பதை அனுப்பியவர் அறியமாட்டார். தம் கணினியிலேயே இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு இக்கவலை இல்லை.

எல்லாக் குறைகளுக்கும் மாற்றுதல் மருந்தாகாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எம்.பி.4 கோப்பினுள்ளே எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றுண்டு. பல கருவிகள் பதிவு முடிந்த பின்னரே அதனைக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. பதிவு நடக்கும்போதே மின்கலம் வற்றிக் கருவி அணைந்துவிட்டாலோ, கோப்பைப் பிரதிசெய்யும்போது இடையில் அறுந்துவிட்டாலோ, பண்டம் பெரும்பகுதி இருந்தும் அட்டவணை இராது. எந்த இயக்கியும் அதனைத் திறக்க இயலாது தடுமாறும். இத்தகைய கோப்பை மாற்ற முயல்வதிற் பயனில்லை. அனுப்பியவரிடம் மீண்டும் முழுமையாக அனுப்பும்படி கேட்பதே தக்க வழி. கட்டணம் செலுத்திப் பார்க்கும் சேவைகளின் திரைப்படங்கள் பூட்டப்பட்டே வருகின்றன. அவை பிற கருவிகளில் ஓடாமை குறிமுறையின் குறையன்று. உரிமையாளர் இட்ட தடையாகும்.

குறிமுறைகள் மேலும் மாறும். 2020ஆம் ஆண்டிலேயே எச்.266 என்னும் புதிய நியமமும் வெளியாகிவிட்டது. இன்று எங்கும் ஓடும் கோப்பு, இன்னும் முப்பது ஆண்டுகளில் இயக்கி தேடி அலையும் நிலையை அடையலாம். இதனாற் கலக்கமடைய வேண்டியதில்லை. குறிமுறையின் இலக்கணம் நூலாக எழுதப்பட்டிருக்கும்வரை, அதனை வாசிக்க வல்ல மென்பொருளை எவரேனும் ஆக்கித் தருவர். அழிந்த கோப்புக்கே எந்த மென்பொருளும் உதவாது. மூலக் கோப்புகளைக் கைத்தொலைபேசியில் மாத்திரம் விட்டுவைக்காது, கணினியின் வன்தட்டிலொன்றும் வேறொரு வீட்டிலுள்ள உறவினரிடத்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வைத்தல் நன்று. அவற்றோடு, யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவசியம். கோப்பைத் திறப்பதற்கு வல்லுநரின் உதவியைப் பெறலாம். அதிலே சிரிக்கும் முகம் யாருடையது என்பதைச் சொல்வதற்கோ வீட்டாரைத் தவிர வேறு எவருமிலர்.